லினக்ஸ் கணினியில் வைஃபையும் அந்தரங்கமும்

லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் வைஃபை இணைப்பைக் கவனித்துக்கொள்வது, ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள். வலையமைப்பின் பெயரைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லைக் கொடுத்தால் வேலை முடிந்தது. புரோட்கொம் வைஃபை அட்டைகள் சிலவற்றில்தான் சிக்கல்: ட்ரைவரை இறக்க இணையம் வேண்டும், ட்ரைவர் இல்லாமல் இணையம் வராது. கைப்பேசியை யூஎஸ்பி வயரால் பொருத்தி டெதரிங்கை இயக்கினால் அந்த முடிச்சு அவிழும்.

இணைப்புக் கிடைத்தபின் கவனிக்க வேண்டியது அந்தரங்கம். ஒவ்வொரு வைஃபை அட்டைக்கும் 48 பிட் நீளமான மெக் முகவரி தொழிற்சாலையிலேயே இடப்படுகிறது. கடவுச்சொல் உள்ள வைஃபையிலும் இது மறைவதில்லை. அனுப்பப்படும் ஒவ்வொரு தரவுத் துண்டின் தலைப்பிலும் வெளிப்படையாகவே செல்கிறது. நிந்தவூர்க் கடற்கரையில் படகின் பக்கவாட்டில் எழுதிய பதிவு இலக்கத்தைக் கரையில் நிற்கும் எவரும் வாசிக்கலாம். உள்ளே என்ன மீன் கிடக்கிறது என்பதுதான் தெரியாது. மெக் முகவரியும் அப்படியே. நிந்தவூர்த் தேநீர்க் கடையிலும் கல்முனைக் கடையொன்றிலும் ஒலுவில் பல்கலைக்கழகத்திலும் ஒரே முகவரி பதிவானால், அப்பதிவுகளைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு அந்த மடிக்கணினியின் நடமாட்டம் விளங்கிவிடும்.

இந்த முகவரியை மாற்றுவது எளிது. க்னோம் டெஸ்க்டாப்பில் அந்த வைஃபையின் அமைப்புகளைத் திறந்து, ‘ஐடென்டிட்டி’ பகுதியில் ‘குளோன்ட் அட்ரஸ்’ என்பதற்கு ‘ஸ்டேபிள்’ அல்லது ‘ரேண்டம்’ கொடுக்க வேண்டும். முதலாவது ஒவ்வோர் இணைப்புக்கும் மாறாத தனி முகவரியைத் தரும். இரண்டாவது இணையும்போதெல்லாம் புதிதாகத் தரும். மெக் முகவரியைப் பதிந்துகொண்டு அனுமதிக்கும் வளாகங்களில் ‘பெர்மனன்ட்’ என்பதே பொருந்தும். ‘ஸ்டேபிள்’ அல்லது ‘ரேண்டம்’ வழியில் உருவான முகவரியைப் பார்த்த உடனே இனங்காணலாம்: அதன் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். தொழிற்சாலை இட்டதல்ல என்று சொல்லும் பிட் அங்கேதான் உள்ளது. 2024இல் வந்த 40ஆம் பதிப்பு முதல் ஃபெடோரா லினக்ஸ் இத்தகைய நிலையான மாற்று முகவரியைத் தானாகவே பாவிக்கிறது.

முகவரியை மாற்றினால் எல்லாம் மறைந்துவிடாது. பக்கத்தில் வாசிப்பதை எச்டிடிபிஎஸ் மறைக்கும்; எந்தத் தளம் என்பதை வைஃபை உரிமையாளர் அறியலாம். விபிஎன் அதையும் அவரிடமிருந்து மறைக்கும், ஆனால் விபிஎன் நடத்துபவர் அறிவார். எனவே காசு வாங்காத, யார் நடத்துகிறார் என்றே தெரியாத விபிஎன்னை நம்புவது பாதுகாப்பாகாது. நம்பகமான சேவையொன்றோடு இணைய, 2020இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்த வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் போதும்.

வீட்டு ரவுட்டரே பெரிதும் கவனிக்கப்படாதது. பெட்டியோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை அப்படியே விட்டால், வைஃபைக்குள் வந்த எவரும் ரவுட்டரின் அமைப்பை மாற்றலாம். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தெரிவுசெய்து, விருந்தினருக்குத் தனி வைஃபை ஒதுக்கினால் வீட்டு அமைப்பு நிறைவுபெறும்.