கோடையிற் பட்டியும் குளத்து மீனும்

வறண்ட வலயத்துக் குளக்கட்டொன்றில் ஆவணி மாதத்து விடியற்காலையில் நிற்போர் இக்காட்சியைக் கண்டிருப்பர். வற்றிச் சுருங்கிய நீரின் மேற்பரப்பில் திலாப்பியா மீன்கள் வாயைத் திறந்து மூடியவண்ணம் மிதக்கும். அதே நாள் நண்பகலில், நிழலற்ற தரவையிற் கட்டப்பட்ட பசு, வாயில் நுரை தள்ள, விலாப்புறம் விரைந்து ஏறியிறங்க நிற்கும். மீனுக்கு நேர்ந்தது வேறு, மாட்டுக்கு நேர்ந்தது வேறு எனக் கமக்காரர் கருதுவது இயல்பே. ஆயினும் உடலினுள் நிகழ்வது இரண்டிலும் பெரிதும் ஒன்றாகும்.

1936ஆம் ஆண்டில் கனடாவில் ஆய்வு நடத்திய ஹான்ஸ் செலியே என்பவர், எலிகளைக் குளிரில் வைத்தும், காயப்படுத்தியும், ஓய்வின்றி இயங்கச் செய்தும் பார்த்தார். துன்பம் எதுவாயினும் உடலில் தோன்றிய மாற்றங்கள் ஒரே வகையினவாக இருந்தன. அந்நிலையே இன்று நெருக்கீடு எனப்படுகிறது. நெருக்கீட்டின்போது பசுவின் அதிரீனற் சுரப்பியிலிருந்து கோட்டிசோல் என்னும் ஓமோன் குருதியிற் கலக்கிறது. மீனிலும் அதே கோட்டிசோலே சுரக்கிறது. அதனைச் சுரக்கும் கலங்கள் மீனின் சிறுநீரகத்து முற்பகுதியில் உள்ளன. சிறிது நேரத் துன்பத்தைத் தாண்ட இவ்வோமோன் உதவும். நாட்கணக்கில் அது மிகுந்திருப்பின் வளர்ச்சி குன்றும், இனப்பெருக்கம் தடைப்படும், நோயை எதிர்க்கும் வலு குறையும்.

பசுவைப் பொறுத்தவரையில், இளைப்பாறி நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 35 முறை மூச்சு விடுதல் இயல்பு. விலாவின் அசைவை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தல் எவர்க்கும் இயலும். அது 60ஐத் தாண்டினால் வெப்பம் பசுவை வருத்துகிறது என்றறிதல் வேண்டும். அப்பசு தீன் உண்பதைத் தானே குறைத்துக்கொள்ளும். தீன் செரிக்கும்போது வயிற்றில் வெப்பம் உண்டாதலே அதன் காரணம். சோம்பலோ நோயோ அன்று. தீன் குறையப் பாலும் குறையும், வேட்கைப் பருவத்தின் அறிகுறிகளும் மங்கும். ஐரோப்பிய இனக் கலப்புடைய பசுக்கள் ஏறத்தாழ 25 பாகை செல்சியசுக்கு மேலேயே வருந்தத் தொடங்குகின்றன. நாட்டுப் பசு இதனிலும் அதிக வெப்பத்தைத் தாங்கும்.

எருமையின் நிலை இன்னும் கடினமானது. அதன் கரிய தோல் வெயிலை ஈர்க்கிறது, உரோமமும் குறைவு. வியர்வைச் சுரப்பிகளோ பசுவுக்குள்ளவற்றிலும் மிகக் குறைவு. ஆகவே நீரிலும் சேற்றிலும் கிடப்பது எருமைக்கு விளையாட்டன்று, உயிர்த் தேவையாகும். அடித்துத் துரத்தியும் அது குளத்தை விட்டகலாததன் காரணம் இதுவே.

இனி மீனை நோக்குவோம். ஓர் இலீற்றர் நீரில், 20 பாகையில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கலாம். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். சூடேறிய நீரில் மீனுக்கு ஒட்சிசன் அதிகம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. வயலிலிருந்து வடிந்த உரமும், கால்நடைகளின் சாணமும் சிறுநீரும் சிறிதளவாயின் குளத்துக்கு ஊட்டமாகும். நீர் சுருங்கிய காலத்தில் அவையே மிகுந்து, பாசியைப் பச்சைக் குழம்புபோற் பெருக்கும். பகலில் ஒட்சிசனை வெளிவிடும் இப்பாசி, இரவு முழுவதும் அதனை உட்கொள்ளும். எனவே கதிரவன் உதிக்குமுன் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். மீன் மேலெழுந்து வாய் திறப்பது அவ்வேளையிலேயே. விரால் மீன் வெளிக்காற்றையும் சுவாசிக்கவல்லது. ஆதலால் அது பிழைத்துக்கொள்ளும்.

இலங்கைக் குளங்களுக்கு 1952இற் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா, ஆழங் குறைந்த அலைகரையிற் குழி பறித்து முட்டையிடும் இனம். தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். மிக வெருண்டால் அவற்றை உமிழ்ந்துவிடுவதும் உண்டு. அலைகரையை மாடுகள் ஓயாது மிதிக்குமிடத்து அக்குழிகள் நிலைப்பதில்லை. சிறு நீரில் நெருக்குண்ட மீன்கள் வளர்ச்சியை நிறுத்தி, விரலளவிலேயே முட்டை தாங்கத் தொடங்கும். “குளத்தில் இப்போது சிறு சாதி மீன்தான் உண்டு” என்று சில ஊர்களிற் கூறுவர். சாதி மாறவில்லை, நீரும் இடமும் போதாமையால் மீன் குறுகிவிட்டது.

செய்யத்தக்கவை சில. கிடுகு வேய்ந்த பந்தலோ மரநிழலோ பட்டிக்கு இன்றியமையாதது. பாலெருமைக்குக் குளத்துக்கு அப்பால் சேற்றுக் குட்டையொன்று வெட்டிக் கொடுப்பின், எருமைக்கும் மீனுக்கும் நலம். வைக்கோலை மாலையிலும் இரவிலும் இடுக. கலப்பினப் பாற்பசு வெப்பக் காலத்தில் நாளொன்றுக்கு 60 இலீற்றரும் அதற்கு மேலும் நீர் குடிக்கக்கூடும்; இருமுறை மட்டும் நீர் காட்டுதல் போதாது. மருந்து தெளிகருவியைக் குளத்திற் கழுவுதல் அறவே கூடாது.

எல்லாவற்றிலும் கடினமானது நீரின் அளவைப் பற்றிய தீர்மானமே. துருசின் அடிமட்டத்துக்குக் கீழுள்ள நீர் முன்னாளில் எவராலும் எடுக்கப்படாது கிடந்தது. மாடும் மீனும் அதிலேயே மாரி வரை பிழைத்தன. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் மரக்கறித் தோட்டத்துக்கு அந்நீரையும் இறைக்க முடிகிறது. வாடும் மிளகாய்க் கன்றைப் பார்த்து நிற்பவரிடம் இறைக்காதீர் என்று சொல்வது எளிதன்று. ஆதலின் சிறுபோகக் கூட்டத்திலேயே, விதைக்கும் பரப்பை முடிவு செய்யும்போது, இறைப்பை நிறுத்தவேண்டிய நீர்மட்டத்தையும் முடிவு செய்து, துருசுக் கட்டில் யாவரும் காணச் சுண்ணாம்பாற் கோடிட்டு வைத்தல் வேண்டும். ஆவணியில், கன்றுகள் காய் பிடித்து நிற்கையில், அக்கோட்டைப் புதிதாக வரைய எவரும் இணங்கார்.