தகரம் வாங்குமுன் ஊர்ப்பெயர் சொல்ல வேண்டும், தெரியுமா?

செட்டிநாட்டு வீடு என்றதும் பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், ஆத்தங்குடிக் கல் என்று அடுக்கிவிடுவோம். அண்ணாந்து பார்த்ததுண்டா? சில வீடுகளின் உட்கூரையில் இருப்பவை பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்த உலோகத் தகடுகள்! ஆனால் மழை அடிக்கும் மேல்கூரைக்கு நகரத்தார் நம்பியது அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓட்டைத்தான். சீமைத் தகடு நனையாத இடத்தில், சுட்ட மண் நனையும் இடத்தில். கணக்குத் தெரிந்தவர்கள்!

அதே செட்டிநாட்டின் காரைக்குடியில்தான் உலோகம் ஏன் அரிக்கிறது என்று ஆராயும் 'சிக்ரி' இருக்கிறது: மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். இந்தியாவில் எந்த ஊர்க் காற்று உலோகத்தை எவ்வளவு தின்கிறது என்று வரைபடமே போட்டவர்கள் இவர்கள். ராமேசுவரம் போகும் வழியில் மண்டபத்திலும் இவர்களுக்கு ஒரு கிளை உண்டு. உப்புக்காற்றுக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

இனிதான் வேடிக்கை. ஜி.ஐ. ஷீட்டைக் காப்பது அதன் மேல் பூசிய துத்தநாகம். '275 ஜிஎஸ்எம்' என்றால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம். பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான், அவ்வளவுதான்! உப்பு எட்டாத ஊரில் ஆண்டுக்கு ஒரு மைக்ரான் அளவில் கரைந்தால் இருபது வருஷம் தாங்கும். கடுமையான கடலோரக் காற்றில் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை போகும். ஐந்து வருஷம் தாண்டுவதே பாடு. ஒரே ஷீட், ஒரே விலை! கடைக்காரர் 120 ஜிஎஸ்எம் ஷீட்டை நீட்டினால் பூச்சு அதில் பாதிகூடத் தேறாது. நீளம், அகலம், கலர் எல்லாம் கேட்கிறோம். ஜிஎஸ்எம் எவ்வளவு என்று மட்டும் கேட்பதில்லை.

வேறு உலோகம் பார்க்கலாமா? அலுமினியம் பாத்திரக்கடைச் சரக்கு என்று இளப்பமா? ரோம் நகரில் சான் ஜோவாக்கினோ தேவாலயத்தின் குவிமாடத்துக்கு 1897-இலேயே அலுமினியத் தகடு வேய்ந்தார்கள். காற்றுப் பட்டதுமே தானாக ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும் உலோகம் அது. செம்புக்கும் பச்சையாக அப்படியொரு தோல் வளரும். தோலே வேண்டாத ராஜா தங்கம்: தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான் பராந்தக சோழன். அந்தக் கூரையில் 21,600 பொன் ஓடுகள், நாம் ஒருநாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்பது ஐதீகம்.

சரி, நல்ல உலோகமாகப் பார்த்து இரண்டைச் சேர்த்துப் போட்டால்? அங்கேதான் ஆபத்து! செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு நடுவே ஈரமும் இருந்தால், அழிவது இரும்பு. நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்கு 1886-இலேயே இது தெரியும். செம்புத் தோலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே காப்பு வைத்தார்கள். காப்பு நைந்தது, சட்டம் அரித்தது. 1980-களில் அந்தச் சட்டத்தின் இரும்புப் பட்டைகளைத் துருப்பிடிக்காத எஃகாக மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே செம்புத் தகட்டில் ஜி.ஐ. ஆணி அடிக்காதீர்கள். செம்புக் கூரையில் வழியும் மழைநீரை ஜி.ஐ. தகரத்தின் மேல் விழவிடாதீர்கள். நீரில் கரைந்து வரும் துளிச் செம்பே துத்தநாகத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும்!