வாடகைப் பாட்டு!

அப்பாவுக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவாயிற்று. சத்திரம், சாப்பாடு, வேன் மூன்றையும் சித்தப்பா எடுத்துக்கொண்டார். புடவை டிபார்ட்மென்ட்டை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“நீதான் ஏதோ கம்ப்யூட்டர்ல வீடியோ எல்லாம் ஒட்டுவியே... அதைப் பண்ணு!”

ஒட்டுவது! ரேஷன் கார்டில் போட்டோ ஒட்டுகிற மாதிரி!

கோபித்துக்கொள்ள நேரமில்லை. இரண்டே வாரம். ஆல்பத்திலிருந்து 60 போட்டோக்களைப் பொறுக்கி, வயசுக்கு ஒன்றாக ஓடவிட்டு, பின்னணியில் ஒரே ஒரு பாட்டு. எந்தப் பாட்டு என்பதில் குழப்பமே இல்லை. எண்பதுகளில் அப்பா, அம்மா கல்யாணத்தன்று மைக்செட்காரர் ஏழு தடவை போட்டதாக எங்கள் வீட்டுப் புராணத்தில் இடம்பெற்ற பாட்டு அது. இன்றைக்கும் அப்பா ஷேவ் செய்யும்போது அதைத்தான் முனகுவார்.

இந்த வீடியோவுக்கு முக்கியமான ரசிகர் ஒருவர் உண்டு. திருநெல்வேலி அத்தை. தாத்தா போனபோது அப்பாவுக்கு எட்டு வயசு, அத்தைக்குப் பத்தொன்பது. தம்பியைப் படிக்கவைத்து, வேலை கிடைத்து, கல்யாணம் முடித்துவைத்த பிறகுதான் தன்னைப் பற்றி யோசித்தவர். இப்போது இரண்டு முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. “ஏலே, என்னால அம்புட்டுத் தூரம் வர முடியாது. நீ எடுக்க படத்த அனுப்பு, பாத்துக்கிடுதேன்” என்று போனில் சொல்லிவிட்டார். சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஆகவே, விளையாட்டில்லை.

*

பாட்டுக்கு நான் கவலையே படவில்லை. மாசாமாசம் பணம் கட்டிக் கேட்கும் ஆசாமி நான். செல்போனில் தட்டினால் லட்சக்கணக்கில் பாட்டு. அந்தப் பாட்டையும் ‘டவுன்லோடு’ செய்து வைத்திருந்தேன். பக்கத்திலேயே டிக் அடையாளம் வேறு.

ராத்திரி பத்து மணிக்கு வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்து, ‘இசை சேர்’ என்பதை அழுத்தினேன். பட்டியல் காலி. லேப்டாப்பிலும் அதே பாட்டை இறக்கிவிட்டு ஃபோல்டர் ஃபோல்டராகத் துழாவினேன். தலையும் காலும் புரியாத பெயரில் ஒரு ஃபைல் கிடைத்தது. அதை இழுத்துப் போட்டால், ‘இதைத் திறக்க முடியாது’ என்றது சாஃப்ட்வேர்.

‘ஙே’ என்று விழித்தேன். பணம் கட்டியாயிற்று, இறக்கியாயிற்று. பின்னே?

விஷயம் இதுதான். நாம் ‘டவுன்லோடு’ என்று நினைப்பது பாட்டு இல்லை, பூட்டிய பெட்டி. டி.ஆர்.எம். என்று அந்தப் பூட்டுக்குப் பெயர். சாவி, பாட்டு ஆப்பின் இடுப்பில் தொங்குகிறது. அது மட்டும்தான் திறந்து பாட வைக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேரிடம் சாவி கிடையாது. சந்தா கட்டாமல் விட்டால் ஆப்பும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஸ்பாட்டிஃபையில், இறக்கிய பாட்டு தொடர்ந்து ஒலிக்க 30 நாளைக்கு ஒரு தடவையாவது இன்டர்நெட்டில் தலைகாட்ட வேண்டும் என்றே விதி. ‘குடியிருக்கிறவர் இருக்கிறாரா, காலி செய்துவிட்டாரா’ என்று பார்த்துக்கொள்கிறார்கள்!

நான் பி.காம். படித்தவன். வாடகை செலவுக் கணக்கு, வீடு சொத்துக் கணக்கு என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் சரியாக எழுதினேன். வாழ்க்கையில் கோட்டைவிட்டேன்.

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். படுக்கலாம், சமைக்கலாம், பாடக்கூடச் செய்யலாம். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது! ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார். நாம் மாசம் கொடுக்கிற பணம் ‘கேட்பதற்கு’ மட்டும். அந்தப் பாட்டை வெட்டி, போட்டோவோடு சேர்த்து ஒட்டுவது இருக்கிறதே... அது ஆணி.

*

அடுத்து என் மூளை வேலை செய்தது. போனில் பாட்டை ஓடவிட்டு, லேப்டாப் மைக்கில் பதிவு செய்தால்? செய்தேன். பல்லவி முடியும் இடத்தில் குக்கர் விசில். சரணத்தில் அம்மா, “அந்தச் சத்தத்தைக் குறைடா!” இதைப் போட்டால் கேட்பவர்கள் புது ரீமிக்ஸ் என்று நினைப்பார்கள்.

ஆபீஸில் அடுத்த சீட் நண்பரிடம் புலம்பினேன்.

“இதுக்குப் போயா கவலைப்படறீங்க சார்? பூட்டை உடைக்கிறதுக்கே சாஃப்ட்வேர் இருக்கு, லிங்க் அனுப்பட்டுமா?”

நாலு நிமிஷப் பாட்டுக்குத் திருட்டுச் சாவியா? வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். நம்முடைய காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 2012 திருத்தத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். உரிமையை மீறும் எண்ணத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் 2 வருஷம் வரை உள்ளே, அபராதம் தனி. அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளை ஜாமீனில் வந்தான் என்று சித்தப்பா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார். லிங்க் வேண்டாம் என்றுவிட்டேன்.

விலைக்கு வாங்கிய பாட்டென்றால் கதை வேறு. ஆப்பிள் கம்பெனி 2003-ல் ஐட்யூன்ஸ் கடை திறந்து ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்றபோது, அதற்கும் பூட்டுப் போட்டுத்தான் விற்றது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2009-ல் பூட்டை எடுத்துவிட்டது. 2015-ல் ‘ஆப்பிள் மியூசிக்’ என்று சந்தா கடை ஆரம்பித்தபோது அந்தப் பாட்டுகளுக்கு மறுபடி பூட்டு. விளைவு? அதே கம்பெனியின் ‘ஐமூவி’ எடிட்டிங் சாஃப்ட்வேரில், விலை கொடுத்து வாங்கிய பாட்டு சமர்த்தாக உட்காரும். சந்தாவில் இறக்கியது உட்காராது. ஒரே கம்பெனி, ஒரே பாட்டு. ஒன்று சொந்தம், ஒன்று வாடகை.

*

‘சொந்தம்’ என்றதும்தான் பொறி தட்டியது. அப்பாவின் பீரோ!

மேல் தட்டில் ஓர் அட்டைப் பெட்டி. அதில் கேசட்டுகள். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் நடையாக நடந்து பதிவு செய்துகொண்டு வந்தவை. அட்டையில் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. (அதுவும் சட்டப்படி சரியில்லைதான். ஊரே செய்தது என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.) கேசட்டுகளுக்கு அடியில் ஒரு சி.டி. ஒரிஜினல். விலை ஸ்டிக்கர்கூட உரியவில்லை. பின்பக்கம் எட்டாவதாக அந்தப் பாட்டு!

சந்தோஷத்தில் குதித்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தால், சி.டி. போட ஓட்டையே இல்லை. இப்போது வருகிற லேப்டாப்புகளில் பெரும்பாலும் கிடையாது. ஆபீஸ் ஸ்டோர் ரூமில் தூங்கிக்கொண்டிருந்த யு.எஸ்.பி. டிரைவ் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.

1982-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சி.டி., அப்பாவி ஜீவன். பூட்டு என்று ஒன்று இருக்கும் என்றே அதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை. ஒரு விநாடி ஓசையை 44,100 துண்டாக்கி எண்களாக எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. அதை அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றினால் எந்த எடிட்டிங் சாஃப்ட்வேரும் ஏற்றுக்கொள்ளும். சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்த சட்டத்தின் 52-வது பிரிவிலும் இடமிருக்கிறது.

டிரைவ் ‘கர்ர்’ரென்று சுற்றியது. பாட்டு வந்து உட்கார்ந்தது. அப்பாவின் ஒரு வயசு மொட்டைத் தலைக்கும் முதல் வயலினுக்கும் அப்படி ஒரு பொருத்தம்!

பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. அப்பா, பனியனோடு.

“அந்த சி.டி. இன்னும் பாடுதா?” என்றார். முழுப் பாட்டும் முடிகிறவரை நின்றுவிட்டுத் தூங்கப் போனார்.

*

திருக்கடையூரில், முதல் நாள் ராத்திரி சத்திரத்துச் சுவரில் வேட்டி கட்டி ஓட்டினோம். செம ஹிட். அம்மா கண்ணைத் துடைத்தாள். சித்தப்பாவே, “பரவால்லைடா, நல்லா ஒட்டியிருக்கே” என்றார். கல்யாணத்திலும் அது சார்ந்த விழாக்களிலும் பாட்டுப் போட்டால் தப்பில்லை என்று அதே 52-வது பிரிவு சொல்கிறது. அறுபதாம் கல்யாணமும் கல்யாணம்தானா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஊர் திரும்பியதும் கல்யாணக் காட்சிகளையும் சேர்த்து, பாட்டை இழுத்து நீட்டி, இன்டர்நெட் வீடியோ தளம் ஒன்றில் ஏற்றி அத்தைக்கு அனுப்பினேன். பேத்தி டி.வி.யில் போட்டுக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை போன்.

“ஏலே, படம் ஓடுது. ஆனா ஊமப்படமால்லா இருக்கு!”

பார்த்தால், அந்தத் தளத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம். ‘உங்கள் வீடியோவில் இன்னொருவருக்கு உரிமையுள்ள இசை இருக்கிறது. ஒலி நிறுத்தப்பட்டது.’

ஆனால் சார், சி.டி. எங்களுடையதாயிற்றே? விலை ஸ்டிக்கர்கூட இருக்கிறதே?

இங்கேதான் இரண்டாவது பாடம். சி.டி. சொந்தம், பாட்டு சொந்தமில்லை. ஃபிளாட் வாங்குகிற மாதிரி. உள்ளே ஆணி என்ன, அலமாரியே அடிக்கலாம். அதற்காக மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு ஊரைக் கூப்பிட முடியுமா? அசோசியேஷன் செக்ரட்டரி வந்துவிடுவார். ஊர் பார்க்க ஏற்றுவது மொட்டை மாடி. அங்கே இசையமைப்பாளர், பாடலாசிரியர், ரெக்கார்டிங் கம்பெனி என்று உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பிழைக்க வேண்டுமே.

யார் கண்டுபிடிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். மிஷினே கண்டுபிடிக்கும். யூடியூப் 2007-லேயே ‘கன்டென்ட் ஐ.டி.’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பாட்டின் கைரேகையை வைத்துக்கொண்டு, ஏறுகிற வீடியோவோடு ஒப்பிடும். பொருந்தினால் வீடியோவைத் தடுப்பதா, விளம்பரம் போட்டுக் காசு பார்ப்பதா, சும்மா கவனிப்பதா என்பது உரிமைக்காரர் இஷ்டம். மற்ற தளங்களும் இப்படிக் காவல் போட்டிருக்கின்றன.

*

பிறகு என்னதான் வழி? வாடகையும் ஃபிளாட்டும் ஆயிற்று. மூன்றாவது, சொந்த மனை.

தளங்களே இலவச இசை தருகின்றன. யூடியூபின் ஆடியோ லைப்ரரி 2013-லிருந்து இருக்கிறது. ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ அனுமதியோடு வரும் இசையைப் போடலாம். போட்டவர் பெயரைக் குறிப்பிடச் சொன்னால் மறக்காமல் குறிப்பிட வேண்டும். நானும் தேடிக் கேட்டேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் மொட்டைத் தலைக்குப் பின்னால் ஹவாய் கிடார் ஒட்டவில்லை.

அப்போதுதான் கல்யாணத்தன்று செல்போனில் எடுத்த காட்சிகளை, பாட்டில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தேன். பாட்டுப் போடுவதற்காக நான் ‘மியூட்’ செய்திருந்த சத்தம் முழுக்க அதில் இருந்தது. நாதஸ்வரம்!

வித்வானுக்குப் போன் போட்டேன். “அன்னிக்கு வாசிச்சீங்களே, அதை வீடியோவில் வெச்சுக்கலாமா?”

“தாராளமா வெச்சுக்குங்க தம்பி. தவில்காரர் பேரையும் சேர்த்துப் போடுங்க.”

வாசித்தது தியாகராஜர் கீர்த்தனை. அவர் 1847-ல் மறைந்தவர். நம் சட்டப்படி படைப்பாளியின் ஆயுளுக்குப் பிறகு 60 வருஷம்தான் உரிமை. ஆகவே பாட்டு ஊர்ச் சொத்து. வாசிப்பு வித்வானுடையது, அவர் சரி சொல்லிவிட்டார். பதிவு என் போனுடையது. முதல் தடவையாக நான் ஹவுஸ் ஓனர்!

நாதஸ்வரத்தை போட்டோக்களுக்கு அடியில் ஓடவிட்டேன். கல்யாணக் காட்சிகளில் அந்தந்தச் சத்தத்தை அப்படியே விட்டேன். சித்தப்பா, “சாம்பார் எங்கேப்பா?” என்று கத்துவது உட்பட. தாலி கட்டுகிற இடத்துக்கு முன்னால் அப்பா யாரிடமோ பேசுகிற குரல் குறுக்கே விழுந்தது. இடைஞ்சலாக இருக்கிறதே, வெட்டலாமா என்று யோசித்தேன். தூக்கம் வந்ததால் விட்டுவிட்டேன்.

ஆபீஸில் இந்தப் பிரதாபத்தைச் சொன்னபோது அடுத்த சீட் நண்பர் நிதானமாகக் கேட்டார்: “பாட்டு வெச்ச வீடியோவை ஒரு பென் டிரைவ்ல போட்டு அத்தைக்கு கூரியர்ல அனுப்பியிருக்கலாமே சார்? ஊருக்கெல்லாம் எதுக்குக் காட்டணும்?”

எனக்கும் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

இரண்டு வீடியோவையும் பென் டிரைவில் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் அத்தை பேசினார்.

“ரெண்டும் பாத்தேன்லே. பாட்டு வச்சது நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ அதையே வெச்சுக்குங்க அத்தே.”

“இல்லலே. மத்ததுல, தாலி கட்டுததுக்கு முன்னால, ‘அக்கா வந்திருக்கலாம்’னு உங்கப்பன் சொல்லுதாம்லா... அத நாலு மட்டம் போடச் சொல்லிப் பாத்தேன்.”