உறுப்பினர் சங்கமும் பங்கு நிறுவனமும்: மோகன் பகான் கால்பந்துக் கழக வரலாற்றில் உரிமை குறித்த கேள்வி

முன்னுரை

கால்பந்துக் கழகம் ஒன்றன் வரலாற்றை வென்ற கோப்பைகளின் வரிசையாக எழுதுவதே பெருவழக்காக உள்ளது. கொல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தைப் பற்றிய எழுத்துகளுள் பெரும்பாலானவையும் 1911ஆம் ஆண்டு வெற்றியில் தொடங்கிக் கோப்பைப் பட்டியலில் முடிவனவே. ஆயினும் 130 ஆண்டுகளைக் கடந்த அக்கழகத்தின் வரலாற்றில் வேறொரு கேள்வி தொடர்ந்து எழுந்து வந்துள்ளது. கழகம் என்பது யாருக்குரியது? சந்தா செலுத்தும் உறுப்பினர்களுக்கா, முதலிட்ட நிறுவனத்துக்கா, ஆட்டத்தைக் காண வரும் பெருந்திரளுக்கா? 2020 முதல் 2023 வரை அக்கழகத்தின் பெயரை ஒட்டி எழுந்த பூசல் இக்கேள்வியை வெளிப்படையாக்கியது. எனினும் அதன் வேர்கள் மிகப் பழையவை. அவ்வேர்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் உறுப்பினர் அமைப்பும்

வடகொல்கத்தாவில் கீர்த்தி மித்ரா என்பவருக்கு உரிய மோகன் பகான் மாளிகையின் வளாகத்தில் விளையாடிவந்த இளைஞர்களை மையமாகக் கொண்டு 1889 ஆகஸ்டு 15 அன்று இக்கழகம் நிறுவப்பெற்றது. முதல் தலைவர் பூபேந்திரநாத் போசு. பின்னாளில் இந்தியத் தேசியக் காங்கிரசின் தலைவராகவும் விளங்கியவர். ‘மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப்’ என்று தொடங்கிய பெயர், மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எஃப்.ஜே. ரோ கூறிய கருத்தை ஏற்று ‘அத்லெடிக் கிளப்’ என மாற்றப்பட்டது. பெயரைப் பற்றிய விவாதம் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது என்பது கருதத்தக்கது.

நிறுவனர்கள் கல்வி கற்ற வங்காள நடுத்தர, மேல்தட்டு வகுப்பினர். உடல்வலிமையற்றவர்கள் என்று வங்காளியரைக் குடியேற்ற ஆட்சியாளர் இகழ்ந்து எழுதிவந்த காலம் அது. எனவே விளையாட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. ஒழுக்கப் பயிற்சியாகவும் கருதப்பட்டது. கழகம் உறுப்பினர்களால் நடத்தப்பட்டது. பொறுப்பாளர்களை அவர்களே தேர்ந்தெடுத்தனர். இச்சங்க அமைப்பு இன்றும் நீடிக்கிறது. மைதான் பகுதியின் நிலம் இராணுவத்தின் ஆளுகையில் இருப்பதால் கொல்கத்தாவின் பெருங்கழகங்களின் இருப்பிடங்கள் இன்றளவும் ‘கூடாரம்’ என்றே வழங்கப்பெறுகின்றன. நிலம் சொந்தமில்லாத கழகத்துக்குச் சொத்தாக அமைந்தவை பெயரும் நிறமும் உறுப்பினர் பட்டியலுமே.

1911: வெற்றியும் அதன் நினைவும்

1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டிரேட்ஸ் கோப்பையை வென்ற பின்னரே மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டிக்குள் நுழைந்தது. 1911இல் செயிண்ட் சேவியர், ரேஞ்சர்ஸ், ரைபிள் பிரிகேடு ஆகிய அணிகளை வென்று, அரையிறுதியில் மிடில்செக்சு படைப்பிரிவை இரண்டாம் ஆட்டத்தில் வீழ்த்தியது. சூலை 29 அன்று நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு முதல் கோலை அடித்தது. அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன்செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்திருந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே.

இவ்வெற்றி தேசிய உணர்வைத் தூண்டியது உண்மை. ஆயினும் அதன் மீது பிற்காலத்தில் ஏற்றப்பட்ட பொருள்கள் அனைத்தையும் ஏற்பதற்கில்லை. வங்கப் பிரிவினை நீக்கமும் தலைநகர் தில்லிக்கு மாற்றப்படுவதும் அதே ஆண்டு திசம்பரில் தில்லி தர்பாரில் அறிவிக்கப்பட்டன. அவற்றுக்குக் கால்பந்து வெற்றியைக் காரணமாக்கும் பேச்சு மேடைகளில் இன்றும் கேட்கப்படுகிறது. நிகழ்வுகளின் கால நெருக்கத்தைக் காரண காரியத் தொடர்பாகக் கொள்வதன் விளைவே அது. அடுத்த கேடய வெற்றி 1947இல் கிட்டியமை இத்தகைய தொன்மங்களுக்கு மேலும் உரமிட்டது.

வெற்றியின் உடனடி நிறுவனப் பயன் மிகச் சிறிது. கேடயம் வென்ற அணிக்குக் கல்கத்தா லீகில் இடம் கிடைத்தது 1914இல்தான். அதுவும் இரண்டாம் பிரிவில். முதற்பிரிவில் 1915இல் நுழைந்தபோதும் இந்திய அணிகள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு நிலவியது. லீக் பட்டத்தை முதன்முறையாக வென்றது 1939இல். அதற்குள் முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை ஐந்து முறை தொடர்ந்து அப்பட்டத்தை வென்றிருந்தது. ‘தேசிய அணி’ என்னும் மோகன் பகானின் உரிமைகோரலைக் களத்தின் முடிவுகள் முழுமையாக ஆதரிக்கவில்லை என்பதே இதன் பொருள். 1911இன் நினைவே அவ்விடைவெளியை நிரப்பியது.

போட்டிக் கழகமும் திரளும்

1920 ஆகஸ்டு 1 அன்று ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றியது. மோகன் பகானுக்கு எதிரான ஆட்டமொன்றில் ஜோராபகான் அணி சைலேஷ் போசு என்ற வீரரைக் களமிறக்க மறுத்ததே அதன் உடனடிக் காரணம். நாட்டுப் பிரிவினைக்குப் பின் ஏதிலியராக வந்த கிழக்கு வங்காளத்தவருக்கு அக்கழகம் அடையாளமாயிற்று. மேற்கு வங்காளப் பூர்விகத்தவர் மோகன் பகானைத் தம்முடையதெனக் கொண்டனர். இறால், இலிசா மீன் ஆகிய உணவுக் குறியீடுகளும் இப்பகுப்பில் சேர்ந்தன. 1911 அணியில் ஆடியோருள் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை இப்பின்னணியில் நினைவுகூர்தல் வேண்டும். அடையாளம் முன்னரே இருந்ததன்று; போட்டியால் உருவானது.

இத்திரளின் அளவும் அபாயமும் ஒருங்கே வெளிப்பட்டன. 1977 செப்டம்பரில் பெலே இடம்பெற்ற நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் மோகன் பகான் 2-2 எனச் சமன்செய்த ஆட்டம் பெருமையாக நினைக்கப்படுகிறது. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் கார்டன்சில் ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டத்தில் கலவரமும் நெரிசலும் ஏற்பட்டு 16 பார்வையாளர்கள் உயிரிழந்தனர். உறுப்பினர் அல்லாத இம்மக்களே கழகத்தின் வலிமை. ஆனால் நிருவாகத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

தொழில்முறையை நோக்கி

வெளிநாட்டு வீரரைச் சேர்ப்பதில்லை என்ற மரபை மோகன் பகான் நெடுங்காலம் காத்தது. ஈஸ்ட் பெங்கால் 1980இலேயே ஈரானிய வீரர் மஜீத் பிஷ்கரை ஆடவைத்திருந்தது. நைஜீரியாவின் சீமா ஒகோரி 1991இல் சேர்க்கப்பட்டபோது மோகன் பகானின் மரபு முடிவுற்றது. கொள்கை மாறியதற்கு வெற்றித் தேவையன்றி வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

1996இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியதும் செலவு பெருகியது. 1997-98 பருவத்தில் பட்டம் வென்ற மோகன் பகான், 1998இல் யுனைடெட் புரூவரீஸ் குழுமத்துடன் பாதிப் பங்கு உடன்பாடு செய்து அணிக்கென ஒரு நிறுவனத்தை உருவாக்கியது. கழகப் பெயருக்கு முன் அக்குழுமத்தின் மதுவகைப் பெயர் அமர்ந்தது. அதே குழுமம் ஈஸ்ட் பெங்காலுடனும் உடன்பாடு கொண்டது. பகைக் கழகங்கள் இரண்டுக்கும் புரவலர் ஒருவரே. அமைப்பு நோக்கில் 1998 உண்மையான திருப்பமாகும். சங்கம் வேறு, அணி வேறு என்ற சட்டப் பிரிவு அப்போது உருவானது. 2020 நிகழ்வுகள் அதன் தொடர்ச்சியே.

பெயர்ப் பூசல்: 2020-2023

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது மோகன் பகான் அதில் இல்லை. அது 2014-15இலும் 2019-20இலும் ஐ-லீக் பட்டங்களை வென்றது. ஆயினும் பணமும் ஒளிபரப்பும் சூப்பர் லீகிலேயே குவிந்தன. 2020 சனவரியில் ஆர்.பி.-சஞ்சீவ் கோயங்கா குழுமம் மோகன் பகான் கால்பந்து நிறுவனத்தின் 80 விழுக்காட்டுப் பங்குகளைப் பெற்றது. சங்கத்திடம் 20 விழுக்காடு எஞ்சியது. குழுமத்தின் ஏ.டி.கே. அணியுடன் இணைந்து ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ உருவாயிற்று.

அம்மூன்று எழுத்துகளின் கதை தனித்தது. ‘அத்லெட்டிகோ டி கொல்கத்தா’ என்பதன் சுருக்கமாகத் தோன்றியவை அவை. மாட்ரிட் நகரக் கழகம் 2017இல் கூட்டிலிருந்து விலகிய பின் விரிவை இழந்து எழுத்துகளாக மட்டும் எஞ்சின. ஆறாண்டுகளே வயதுடைய அப்பெயர் 1889இன் பெயருக்கு முன்னால் நின்றதை ஆதரவாளர்கள் ஏற்கவில்லை. பச்சை, செம்பழுப்பு நிறங்களும் பாய்மரப் படகுச் சின்னமும் காக்கப்பட்டும் எதிர்ப்பு அடங்கவில்லை. ஏ.டி.கே.யை நீக்குக என்ற முழக்கம் பதாகைகளிலும் சமூக ஊடகங்களிலும் மூன்று பருவங்கள் ஒலித்தது.

இதனை வெறும் பழம்பெருமைப் பற்று என ஒதுக்குவது எளிது. ஆனால் இழப்பு மெய்யானது. நிறுவனம் பங்குகளை வாங்கலாம்; 1911ஐ வாங்க இயலாது. அந்நினைவைச் சுமப்பவர்கள் விலகினால் முதலீட்டின் மதிப்பும் குறையும். உரிமையற்ற பார்வையாளர்களிடம் இருந்த ஒரே வலிமை இதுதான். 2023 மார்ச்சு 18 அன்று கோவாவில் பெங்களூருவை வென்று சூப்பர் லீக் கோப்பையைப் பெற்ற இரவிலேயே பெயர் மாற்றத்தைச் சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். ஏ.டி.கே. நீங்கியது.

வந்த புதிய பெயர் ‘மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்’. அதே குழுமத்தின் ஐ.பி.எல். மட்டைப்பந்து அணி ‘லக்னோ சூப்பர் ஜயண்ட்ஸ்’. 2024-25இல் லீக் கேடயத்தையும் கோப்பையையும் ஒருசேர வென்றது இப்பெயரில்தான். சூலை 29ஐ ‘மோகன் பகான் நாள்’ எனக் கொண்டாடுவது மட்டும் இன்றும் உறுப்பினர் சங்கத்தின் பொறுப்பிலேயே உள்ளது.