யாருடைய கூடை?

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அயலிலே, ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் உளது. மீமுரேக்குப் போகிறவர்கள் பெருவீதியை விட்டுப் பிரியும் இடம் அதுவே. மாதம் இருமுறை, சனிக்கிழமைகளில், அங்குள்ள தோட்டப் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலங் கற்பிக்கச் சென்று வருகிறேன். கல்லூரியிற் கற்பிப்பதைக் காட்டிலும் இஃது எனக்குக் கடினமான வேலை. ஏனெனில் இப்பிள்ளைகள் வினாக் கேட்கிறார்கள்.

சில வாரங்களுக்கு முன், ‘ஒவ்வொருவரும் தத்தம் கூடையை எடுத்தனர்’ என்னும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பதினாறு வயது மாணவி ஒருத்தி, ‘எவ்ரிவன்’ என்று தொடங்கித் ‘தெயர் பாஸ்கற்’ என்று முடித்திருந்தாள். ‘தெயர்’ என்பதை வெட்டிச் சிவப்பு மையால் ‘ஹிஸ்’ என்று எழுதினேன். என் ஆசிரியர் எனக்குச் செய்ததும் அதுவே.

“சேர், கொழுந்துக் கூடை தூக்குறது எங்க அம்மா, சித்தி, பக்கத்து லயத்து அக்கா இவங்கதானே! அப்புறம் ‘அவனுடைய கூடை’ எப்படி வந்துச்சு?” என்றாள் அவள். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் விடை என்னிடம் இருக்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் இரண்டு இடர்கள் உள. ஒன்று எண்ணைப் பற்றியது. ‘எல்லாரும் வந்தார்கள்’ என்போம் நாம். ஆங்கிலமோ ‘எவ்ரிவன் ஹாஸ் கம்’ என ஒருமையில் முடிக்கும். கூட்டத்தைக் கூட்டமாகக் காணாது, ஒவ்வோர் ஆளாக எண்ணிப் பார்ப்பதே ‘எவ்ரிவன்’ என்க. ‘சம்வன்’, ‘நோபடி’, ‘ஈச்’ என்பனவும் அவ்வாறே. வாசலில் நிழலாடக் கண்டு, ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என நாம் மரியாதைப் பன்மையிற் சொல்வதை, ‘சம்வன் ஹாவ் கம்’ என்று ஒருமுறையேனும் எழுதாத தமிழ் மாணவரை நான் கண்டதில்லை. இது பழக்கத்தால் நீங்கிவிடும்.

மற்றையது பால். நமது ‘தன்’, ‘தம்’ என்பன பால் காட்டா. ஆங்கிலத்து ‘ஹிஸ்’, ‘ஹேர்’ இரண்டும் காட்டும். ஆணோ பெண்ணோ என்று அறியப்படாத ஒருவரைச் சுட்ட அங்குத் தனி ஒருமைச் சொல் இல்லை.

வீடு வந்து நூல்களைப் புரட்டினேன். இத்தகைய இடத்தில் ‘தெயர்’ என்று எழுதும் வழக்கம் ஆங்கிலத்திற் பதினான்காம் நூற்றாண்டு முதலே உண்டு. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஒஸ்ரினும் அவ்வாறு எழுதியுள்ளனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்கணகாரரே அதனைப் பிழையென ஒதுக்கி, ஆண்பாற் சொல்லை விதித்தனர். 1850 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொல் பெண்ணையும் அடக்கும் எனச் சட்டமே இயற்றிற்று. இலங்கையின் 1901 ஆம் ஆண்டுப் பொருள்கோடற் கட்டளைச் சட்டமும் அதையே கூறும்.

நம் தொல்காப்பியரோ, ‘ஒருவர்’ என்னும் சொல் ஆண் பெண் இருபாலுக்கும் உரியதென்றும், ஓராளையே சுட்டினும் பன்மை முடிபு கொள்ளும் என்றும் வரையறுத்துவிட்டார். ‘ஒருவர் வந்தார்’ என்று நாள்தோறும் சொல்லும் எனக்கு, அம்மாணவி எழுதியது பிழையாகத் தோன்றியது வியப்புத்தான்!

மனிதரைக் குறிக்கும் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘கூலி’ நமக்கு ஊதியம், உழைப்பவர் ‘கூலியாள்’. ஆங்கிலம் ஆளை விட்டுவிட்டு, ஊதியத்தின் பெயரையே மனிதருக்கு இட்டது. (குஜராத்தின் கோலி மக்களின் பெயரே இதற்கு மூலம் என்பாரும் உளர், இரண்டும் கலந்திருத்தல் கூடும்.) இன்று அகராதிகள் அதனை இழிசொல் எனக் குறிக்கின்றன. மாணவர் கட்டுரையில் அச்சொல் வந்தால் ‘எஸ்ரேற் வேர்க்கர்’ என்று திருத்துகிறேன். இத்திருத்தத்தில் எனக்கு ஐயமில்லை.

அடுத்த முறை போனபோது, வெட்டிய புள்ளியை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தேன். பரீட்சையில் வம்பு வேண்டாமென்றால் ‘ஓல் த பிளக்கர்ஸ்’ என்று பன்மையிலேயே தொடங்கிவிடலாம் என்ற உபாயத்தையும் சொன்னேன். சட்டத்தில் ‘ஹிஸ்’ என்பது பெண்ணையும் அடக்கும் என்று கூறியபோது அவள் நிமிர்ந்தாள்.

“அப்படின்னா எங்க அப்பாயிக்கு ஏன் சேர் பிரஜாவுரிமை கிடைக்கல? அவங்க இந்த மலையிலதான் பிறந்தாங்க. அவங்க அம்மாவும் இங்கதான். தாத்தா மட்டுந்தான் திருச்சிப் பக்கத்திலயிருந்து வந்தவரு.”

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை அவளுக்கு விளக்கினேன். மணவுறவிற் பிறந்த ஒருவர் வம்சாவழியாற் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அங்கே ‘ஹிஸ்’ என்ற சொல் அவளுடைய அப்பாயியையும் அடக்கியது மெய். ஆனால் ‘தந்தை’ என்ற சொல் தாயை அடக்கவில்லை. தாய் வழியாகவும் அவ்வுரிமை கிடைக்கச் சட்டம் திருத்தப்பட்டது 2003 ஆம் ஆண்டிலேதான்.

அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பிரதி கிடைக்குமா என்று கேட்டாள். வருகிற சனிக்கிழமை கொண்டுபோக வேண்டும்.