‘25,000 பேருக்கு வேலை’ அறிவிப்பு... அது நிஜமாக எத்தனை படி தாண்டணும்? பனப்பாக்கமும் பாலாறும் சொல்லும் பாடம்

‘இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை’ என்று ஒரு நோட்டிஃபிகேஷன் அடிக்கடி நம் போனில் வந்து விழுகிறது. ஷேர் பண்ணுகிறோம், மறந்துவிடுகிறோம். கம்பெனியைக் கூட்டிவருவது யார்? வந்த பிறகு யார் கவனிக்கிறார்கள்? வேலூர் - ஆம்பூர் தோல் தொழில் பகுதிக்கு இந்தக் கேள்விகள் ரொம்ப முக்கியம். இங்கே தொழிலும் வந்திருக்கிறது, அதற்கான விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கூட்டிவருவது யார்?

தமிழ்நாட்டில் இந்த வேலையை முக்கியமாக இரண்டு அரசு நிறுவனங்கள் பார்க்கின்றன. ஒன்று, 1992-ல் தொடங்கிய ‘கைடன்ஸ் தமிழ்நாடு’. முதலீட்டாளர்களைத் தேடிப் பேசுவது, எந்த மாவட்டம் பொருந்தும் என்று காட்டுவது, ஒற்றைச் சாளர முறையில் அனுமதிகளை நகர்த்துவது இதன் வேலை. இன்னொன்று, 1971-ல் உருவான சிப்காட். நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை, தண்ணீர், வடிகால் போட்டு, மனைகளாகப் பிரித்துப் பொதுவாக 99 ஆண்டு குத்தகைக்குக் கொடுக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் மாப்பிள்ளை பார்க்கிறார், இன்னொருவர் வீடு கட்டிக் கொடுக்கிறார்!

அறிவிப்பில் இருந்து ஆலை வரை

முதல் படி புரிந்துணர்வு ஒப்பந்தம். மேடையில் கையெழுத்தாகி, செய்தியாவது இதுதான். ஆனால், இது பெரும்பாலும் விருப்பத்தைத் தெரிவிக்கும் ஆவணம் மட்டுமே. கம்பெனி வந்தே ஆகணும் என்ற கட்டாயம் இதில் இல்லை.

அடுத்து நிலம். அதற்குப் பிறகு கட்டட அனுமதி, மின் இணைப்பு, தீயணைப்புத் துறைச் சான்று. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆலையை நிறுவ ஓர் இசைவாணை, இயக்க இன்னோர் இசைவாணை. இவை எல்லாம் முடிந்துதான் ஆள் எடுப்பு.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும்? ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய்க்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டது, செப்டம்பரிலேயே அடிக்கல். தைவானின் ஹாங் ஃபூ குழுமம் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டது, அடிக்கல் 2024 டிசம்பரில். ஒன்றுக்கு ஆறு மாதம், இன்னொன்றுக்கு இரண்டரை வருஷத்துக்கும் மேல். அதுவும் அடிக்கல் வரைக்கும்தான்!

சலுகைகள் உடனே கைக்குப் போய்விடுமா?

இல்லை. மூலதன மானியம் பொதுவாக உற்பத்தி தொடங்கிய பிறகு, ஆண்டுத் தவணைகளில் தரப்படும். சொன்ன முதலீட்டைப் போட்டிருக்கணும், சொன்ன வேலைகளைக் கொடுத்திருக்கணும். அரசின் கையில் இருக்கிற உண்மையான பிடி இதுதான்.

தோல் ஊருக்கு ஏன் தோல் இல்லாத ஷூ?

ஹாங் ஃபூ அமைப்பது தோல் அல்லாத காலணி ஆலை. 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. உலகத்தில் விற்கும் ஸ்போர்ட்ஸ் ஷூக்களில் பெரும்பாலானவை செயற்கை இழை, ரப்பர், ஃபோமில் செய்யப்படுபவை. தமிழக அரசும் 2022 ஆகஸ்ட்டில் காலணிக்குத் தனிக் கொள்கையே வெளியிட்டது. 20,000 கோடி ரூபாய் முதலீடு, 2 லட்சம் வேலை என்பது அதன் இலக்கு.

இந்த ஊரின் பலம் என்ன? ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் ஷூ கம்பெனியில் தைக்கவும் வெட்டவும் ஒட்டவும் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அந்தக் கைத்திறன் வேண்டும், தோல் பதனிடும் கழிவு வேண்டாம் என்ற கணக்குக்குத் தோல் அல்லாத காலணி பொருந்துகிறது. பசை, கரைப்பான், ரப்பர் கழிவு இதிலும் உண்டு. ஆனால், டேனரி போலத் தண்ணீரைக் குடித்து உப்பும் குரோமியமும் கலந்து வெளியே விடும் தொழில் இது இல்லை.

கூட்டிவந்தால் போதுமா?

போதாது. ராணிப்பேட்டை சிப்காட் 1970-களிலேயே உருவான வளாகம். தொழில் வந்தது, வேலை வந்தது. கூடவே வந்தவற்றையும் பாருங்கள்.

• 1996 ஆகஸ்ட் 28-ல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரிகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதை அது பதிவு செய்தது. ‘மாசுபடுத்துபவரே பணம் கட்டணும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்னது இந்தத் தீர்ப்புதான்.

• ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்றது, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு.

• 2015 ஜனவரி கடைசியில், இதே சிப்காட்டின் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

• 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், பாலாற்று மாசைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 வருஷம்!

தொழிலைக் கூட்டிவர நிறுவனம் இருந்தது, ஆள் இருந்தது. வந்த பிறகு கவனிப்பதில்தான் ஓட்டை. அதன் பில்லைக் கட்டியவர்கள் பாலாற்றுக் கரை விவசாயிகளும் தொழிலாளர்களும்.

சரி, நாம் எதைப் பார்க்கணும்?

ஜவ்வாது மலை அடிவாரத்தில், அமிர்தி பக்கம் வேலை தேடுகிற ஒரு பெண்ணுக்கு 25,000 என்ற எண் மட்டும் உதவாது. பஸ் வருமா, தங்க இடம் இருக்கா, பயிற்சிக் காலத்தில் சம்பளம் எவ்வளவு என்பதுதான் அவருக்கு முக்கியம். இதைச் செய்யவும் முடியும். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை சிப்காட் கட்டியது, 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள்.

அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் நான்கே கேள்வி கேளுங்கள். நிலம் ஒதுக்கியாச்சா? இசைவாணை வந்தாச்சா? சொன்ன வேலையில் எத்தனை நேரடி, எத்தனை மறைமுகம், எத்தனை வருஷத்துக்குள்? கழிவுநீர் எங்கே போகும்?

முதல் மூன்று கேள்வி உங்கள் வேலைக்கு. நான்காவது, உங்கள் ஊர்க் கிணற்றுக்கு.