படிகாரக் கட்டியும் பட்டாசுப் பவுடரும்

மல்லாங்கிணறு கடைத்தெரு சலூனில் சவரம் முடிந்ததும் படிகாரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் தேய்த்துவிடுவார்கள். தோல் சுள்ளென்று இழுக்கும். பிளேடு பட்ட கீறலில் ரத்தம் நின்றுவிடும். அந்தக் கட்டி, பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட் உப்பு. விருதுநகரைத் தாண்டிச் சிவகாசிக்குப் போனால் அதே அலுமினியம் வெள்ளி நிறப் பவுடராக இருக்கிறது. பட்டாசின் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி அது தருவதுதான். அக்குளில் தடவும் வியர்வைத் தடுப்பு ரோல்-ஆனிலும் அலுமினியமே வேலை செய்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் புற்றுநோய், மறதி நோய் என்று பயந்து ஒதுக்குகிறவர்கள் பலர். ஓர் உலோகம் கெடுதல் செய்யுமா என்பதை அதன் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அது எந்த உருவில், எவ்வளவு, எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வியர்வைக்கென்று பெரிதாக நாற்றம் கிடையாது. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. டியோடரன்ட் அந்தப் பாக்டீரியாக்களை அடக்கும், அல்லது வாடையை மறைக்கும். வியர்வை வழக்கம்போல வரும். வியர்வையையே குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வையில் கரைந்து, சுரப்பிக் குழாயின் வாயருகே புரதங்களோடு சேர்ந்து கூழாகி அடைத்துக்கொள்கிறது. தோலின் மேலடுக்கு உரிய உரிய அந்த அடைப்பும் கழன்றுவிடும்.

1888-இல் பிலடெல்பியாவில் வந்த ‘மம்’ என்ற டியோடரன்ட் களிம்பில் இருந்தது துத்தநாக ஆக்சைடு. 1903-இல் வந்த ‘எவர்டிரை’ அலுமினியம் குளோரைடைக் கொண்டது. வியர்வை நின்றது, ஆனால் அமிலம் தோலை எரித்தது, சட்டையின் அக்குள் பகுதி நைந்துபோனது. 1940-களில் புழக்கத்துக்கு வந்த அலுமினியம் குளோரோஹைட்ரேட் இந்தக் குறையைத் தணித்தது. குளோரைடின் பெரும்பகுதிக்குப் பதிலாக ஹைட்ராக்சைடு அமர்ந்ததால் அமிலத்தன்மை குறைந்தது. பிறகு, இன்னும் வலுவாக அடைக்கும் சிர்கோனியத்தை அலுமினியத்தோடு சேர்த்தார்கள். அது பாட்டிலுக்குள்ளேயே கூழாகிவிடாமலிருக்கக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தைக் கலந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மாறியது உப்பின் உருவம்; உருவம் மாறியபோது குணமும் மாறியது.

வழி எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிர்கோனியமே சாட்சி. 1977-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., சிர்கோனியம் கலந்த ஸ்பிரேக்களைத் தடை செய்தது. மூச்சோடு போகும் துகள் நுரையீரலில் கட்டிகளை உண்டாக்கலாம் என்பது காரணம். தோலில் தடவும் குச்சியிலும் ரோல்-ஆனிலும் அலுமினிய-சிர்கோனியக் கலவையை இன்றும் அனுமதிக்கிறது. அலுமினியத்துக்கும் இது பொருந்தும். 1970-களில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பயன்பட்ட தண்ணீரிலிருந்த அலுமினியம் நேராக ரத்தத்தில் கலந்ததும், அதை வெளியேற்றச் சிறுநீரகம் சரியாக இயங்காததும் காரணங்கள். தோல் வழியாக அப்படி நுழைவதில்லை. பூசிய அலுமினியத்தில் சுமார் 0.01 சதவீதமே உள்ளே போவதாக 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மார்பகப் புற்றுநோய் பற்றிய அச்சத்தையும் தள்ளிவிடக் கூடாது. ஆதாரத்தைக் கொண்டு எடைபோட வேண்டும். 2002-இல் அமெரிக்காவில் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. 2017-இல் ஆஸ்திரியாவில் 209 நோயாளிகளையும் அதே எண்ணிக்கையிலான மற்றவர்களையும் ஒப்பிட்டபோது, 30 வயதுக்கு முன்பே தினமும் பலமுறை பூசியதாகச் சொன்னவர்களிடம் தொடர்பு தென்பட்டது. ஆனால் அது பழைய பழக்கத்தை நினைவிலிருந்து சொன்ன பதில். நோய் வந்தவர் அதைக் கூடுதலாக நினைவுகூர வாய்ப்புண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2020-இல், ஸ்பிரே அல்லாதவற்றில் 6.25 சதவீதம் வரை அலுமினியம் பாதுகாப்பானது என்றது. ஆகவே அளவோடு பூசுவோர் அஞ்சக் காரணமில்லை. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், எஃப்.டி.ஏ. அந்த எச்சரிக்கையை லேபிளிலேயே கட்டாயமாக்கியிருக்கிறது.

கரிசல் காட்டு வெயிலில் வியர்வையை அடைத்தால் உடல் சூடேறாதா என்பது நியாயமான கேள்வி. உடம்பெங்கும் 20 லட்சத்துக்கு மேல் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அக்குள் அதில் சிறு பகுதி. நெற்றி, முதுகு, மார்பு வழியாக உடல் குளிர்ந்துகொள்ளும். உடம்பு முழுக்கப் பூசுவதுதான் கூடாது.

நம் ஊர்ப் பக்கம் அலுமினியத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பட்டாசு மருந்து கலக்கும் அறையில் அது எரியக் காத்திருக்கும் விறகு. ஈரம் பட்டால் சூடேறி ஹைட்ரஜனை வெளியிடும். அக்குளில் பூசும் உப்பில் இருப்பதோ எரிந்து முடிந்த சாம்பலைப் போன்றது, மறுபடி தீப்பிடிக்காது. கலவை அறையில் பறக்கும் பவுடர் மூக்கு வழியாகவே போகிறது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி உருவாக்கிய பசுமைப் பட்டாசு வகைகளில் ஒன்றான ‘சஃபல்’, அலுமினியத்தைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டது. ரோல்-ஆனுக்குப் பதிலாக, ‘அலுமினியம் இல்லாதது’ என்று நம்பிப் படிகாரக் கட்டியை வாங்குபவர் கையில் இருப்பதும் அலுமினிய உப்புதான். எந்த உப்பு, எத்தனை சதவீதம் என்று தமிழில் அச்சிட்ட லேபிள் அவருக்கு வேண்டும். அதைவிட அவசரமாக, மருந்து கலக்கும் தொழிலாளிக்கு நல்ல முகக்கவசம் வேண்டும்.